டிஷ்ஷுக்கு மேலே பிடித்த சகன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததெல்லாம் லேசாக விளங்கும். கடையில் நிதானமாக நின்று சாமான் பார்த்து வாங்கத் தெரியாத ஆள் நான். யாராவது "கொஞ்சம் பொறுங்கோ" என்றாலே உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கும். அந்தக் கொதிப்பினால்தான் ராத்தாவின் அரஃபா நாள் கைநழுவிப் போகப் பார்த்தது.

ராத்தா என் மூத்த சகோதரி. எருக்கலம்பிட்டியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒன்றில் அவவும் மச்சானும், மற்றதில் நான். ஹஜ்ஜுக்குப் போகவென்று இருவரும் எத்தனையோ வருஷம் காத்திருந்தவர்கள். பெயர் வந்த வருஷம் பார்த்து ராத்தாவின் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. சீனி வருத்தம் முதலில் வலக்கண்ணை எடுத்தது, பிறகு கிட்னிக்குப் போனது, அங்கே வேலையை முடித்துக்கொண்டு மிச்சமிருந்த இடக்கண்ணுக்குத் திரும்பி வந்தது. செவ்வாய், வியாழன், சனி, கிழமைக்கு மூன்று நாள் மன்னார் ஆஸ்பத்திரியில் போய் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். அப்படிப்பட்டவவை எங்கே மக்காவுக்குக் கூட்டிப் போவது? மச்சான் தானும் போகவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். ராத்தாதான் அவரை விடவில்லை. ரெண்டு பேருடைய இடமும் ஏன் வீணாகப் போகவேண்டும் என்று நாளும் பொழுதும் சொல்லிச் சொல்லியே அவரை பிளேனில் ஏற்றிவிட்டா.

ஏற்றும்போது ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். ஹாஜிகள் எல்லாரும் கூடுகிற அரஃபா மைதானத்தில் குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுத கையோடு மச்சான் ராத்தாவுக்காக துஆ கேட்கத் தொடங்குவார். அதே நேரத்தில் ராத்தா இங்கே கையேந்துவா. கையேந்தும்போது அந்த மைதானம் அவவின் கண்ணுக்கு முன்னால் ரீவியில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவ கேட்டது. அடுத்த வருஷத்தைப் பற்றி நாங்கள் கதைக்கும்போதெல்லாம் கண் டொக்டர் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ராத்தா அதைக் கவனிக்காமல் இல்லை.

"இந்த வருஷம் கண் இருக்கு," என்று என்னிடம் சொன்னா. "இருக்கேக்க பாத்திருவம்."

போனில் காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டினேன். உள்ளங்கையளவு படத்தில் வெள்ளை வெள்ளையாக என்னவோ அசைகிறது என்றா, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் எங்கள் பக்கத்தில் வீடியோ நாலு நிமிஷம் ஓடினால் பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டு நிற்கும். ராத்தாவின் வீட்டு ரீவி பெரியது, ஆனால் பழையது, போனோடு இணைக்கிற வசதி எதுவும் அதில் கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே வழி வளவுக்குள் நின்ற மச்சானின் பெரிய டிஷ். ஆறடி அகலம், கம்பி வலை போட்டது. புத்தளத்தில் இருந்த காலத்தில் வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது கதவு நிலைகளோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டது. மக்காவை நாள் முழுக்கக் காட்டும் அரபுச் சனல் அந்த டிஷ்ஷில்தான் வரும். காசு கட்டத் தேவையில்லை. ஆனால் அந்த வருஷத் தொடக்கத்திலிருந்தே படம் சதுரம் சதுரமாக உடையத் தொடங்கி, மச்சான் பயணம் போகும்போது முழுக்க நின்றுவிட்டது.

மச்சானே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார், எல்.என்.பி. போய்விட்டது என்று. டிஷ்ஷுக்கு முன்னால் மூன்று கம்பியில் தொங்குகிற, கைமுட்டியளவு சாமான் அது. டிஷ்ஷில் பட்டுத் தெறிக்கிற சிக்னலை வாயால் வாங்கி, கேபிள் வழியே போகக்கூடிய மாதிரி மாற்றி உள்ளே அனுப்பும். அதன் மூடி வெடித்து, உப்புக் காற்று உள்ளே போய்ப் பச்சை பிடித்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினால் சரி. இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒருவர் டிஷ் சாமான் கடை வைத்திருக்கிறார். பேசாலைக்காரர், என்னைவிட வயது கூட, பொறுமையான மனிதர். அந்தப் பொறுமைதான் எனக்கு ஒத்துவராதது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கழுதையை விரட்டி, ஸ்கூட்டியை நிறுத்தி உள்ளே போய், பெரிய டிஷ்ஷுக்கு எல்.என்.பி. வேணும் என்றேன். அவர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் இருபது என்று போட்டிருந்தது, ஒன்றில் பதினேழு, ஒன்றில் பதின்மூன்று. என்ன இலக்கம் என்று கேட்டேன். எந்தச் சாமானும் தன் பாட்டுக்குக் கொஞ்சம் இரையும் தங்கச்சி, தூரத்திலிருந்து வருகிற சிக்னல் மெல்லியது, இதுவும் சேர்ந்து இரைந்தால் அது கேட்காது, இலக்கம் குறையக் குறைய இரைச்சல் குறைவு என்று விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் பதின்மூன்றைத் தாங்கோ என்றேன்.

அவர் அதைத் தரவில்லை. கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், ஒருக்கால் வந்து டிஷ்ஷைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சிக்னல் இல்லாமல் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம், ரெண்டு நாள் கொஞ்சம் பொறுங்கோ என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு ஏறிவிட்டது. வியாபாரத்தை இழுத்தடிக்கிறார், வந்து போகிற கூலிக்கு அடிபோடுகிறார் என்று என் புத்தி சொன்னது. நல்லது எது என்று நீங்களே சொல்லிவிட்டு ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள், என் ராத்தாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் ஆறுதலாக வந்து பார்க்கும்வரை அது காத்துக்கொண்டிருக்குமா என்று கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கப் பேசினேன். அந்த மனிதர் பதின்மூன்றைப் பெட்டியில் போட்டுத் தந்தார். எனக்குப் பெரிய வெற்றி.

பூட்டுவதற்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவருக்கு அந்தக் கிழமை வேலை நெருக்கம், ஐந்து நாள் கழித்துத்தான் வந்தார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். நான் ரீவிக்கு முன்னால் றிமோட்டோடு நின்றேன். திரையில் இரண்டு கோடு வரும், மேல் கோடு பலம், கீழ்க் கோடு தரம். மேல் கோடு துள்ளிப்போய்க் கடைசி வரை நிரம்பியது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடவில்லை, கீழ்க் கோட்டைப் பார்த்தால் பூச்சியம். டிஷ்ஷை அரைக்கால் அங்குலம் அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். பலம் நிரம்பி வழிகிறது, தரம் பூச்சியம். படம் இல்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஏணியில் நின்றபடி கிழக்கே பார்த்தார். எங்கள் வளவுக்குக் கிழக்கே, அந்த வருஷம்தான் எழும்பிய ஒரு டவர் நின்றது, வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறது. என்ன நினைத்தாரோ, தன் சாமான் பெட்டியின் தகர மூடியைக் கழற்றி, டிஷ்ஷின் மேல் விளிம்புக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார். உள்ளே கீழ்க் கோடு ஒருதரம் துடித்து எழும்பி விழுந்தது. நான் கத்தினேன். அவர் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது எல்.என்.பி.ட பிழையில்லைத் தங்கச்சி. டவர் பின்பக்கத்தால இதுட வாய்க்குள்ள கத்துது."

அப்புறம் எல்லாம் விளங்கப்படுத்தினார். டவர் அனுப்புகிறதும் எங்கள் சனல் வருகிறதும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசை. இந்த எல்.என்.பி. வாய் அகன்றது, வருகிறதெல்லாவற்றையும் வாங்கும். அதுவும் இரைச்சல் குறைந்த நல்ல சாமான் என்றபடியால் டவரின் சத்தத்தையும் வடிவாகக் கேட்கும். எங்களுக்குத் தேவை இலக்கம் குறைந்ததில்லை, உள்ளே வடி உள்ள ஒன்று, தேத்தண்ணி வடிக்கிற மாதிரி, டவரின் பங்கை நிறுத்திவிட்டுச் சனலை மட்டும் விடுவது. சனலின் அலைவரிசை இலக்கத்தை றிசீவரில் பார்த்தார், அது வடியைத் தாண்டி வரக்கூடிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் வடி உள்ளது மன்னாரில் இல்லை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாகத்தான் வரவேண்டும். இதைத்தான் அன்றைக்குக் கடையில் வைத்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். வந்து பார்க்க விட்டிருந்தால் ஒரு கிழமை மிச்சம் வந்திருக்கும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பார்சல் எப்போது வரும் என்று கேட்டேன். வெள்ளி காலை பஸ்ஸில் வந்துவிடும், எடுத்துக்கொண்டு நேரே வந்து பத்து மணிக்குள் பூட்டித் தருகிறேன் என்றார். குசினிச் சுவரில் தொங்கிய பள்ளிவாசல் கலண்டரைப் பார்த்தேன். ஹாஜிகள் அரஃபாவில் நிற்கிற துல்ஹஜ் பிறை ஒன்பது வெள்ளிக்கிழமை. அந்தக் கட்டத்துக்குள் 'அரஃபா' என்று நானே பேனையால் எழுதி வைத்திருந்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வந்தது. வியாழன் ராத்தாவுக்கு ஆஸ்பத்திரி, வெள்ளி ஓய்வு, சனி பெருநாளும் ஆஸ்பத்திரியும். அரஃபா ஓய்வு நாளில் விழுந்தது அல்லாவின் கிருபை என்று ராத்தாவிடம் சொன்னேன். அவ வெள்ளிக்கிழமைக்கென்று வெள்ளை உடுப்பைத் தோய்த்து மடித்து வைத்தா.

வியாழன் காலை ராத்தாவை மெஷினில் போட்டுவிட்டு நான் வெளியே வாங்கில் இருந்தேன். பத்தரை மணியிருக்கும், மச்சான் வட்ஸ்அப்பில் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், லட்சம் பேர் சேர்ந்து லப்பைக் என்று தல்பியா சொல்கிற சத்தம். மச்சானின் குரல் அழுது கம்மியிருந்தது. வந்திட்டம், இப்பதான் பஸ் இறக்கினது, கூடாரத்துக்குள்ள இருக்கிறம் என்றார். எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன், பேய்ச்சி மாதிரி.

"அரஃபாவுக்குத்தான். எங்கட தொழுகை முடிய உங்கட மூண்டே முக்காலாகும். நான் துவங்குவன். அவவிட்டச் சொல்லுங்கோ, கையை ஏந்தட்டும்."

நாளைக்குத்தானே என்று கேட்கப்போய், கேட்கிறபோதே விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்களுக்கு இங்கே பிறை கண்டால்தான் மாதம் பிறக்கும். அங்கே அவர்களுடைய பிறை அவர்களுக்கு. வருஷத்துக்கு வருஷம் அங்கே பெருநாள் முடிந்து மறுநாள்தான் இங்கே பெருநாள் வரும், பிறந்த நாளிலிருந்து கண்டு வருகிற சங்கதி. அரஃபா நோன்பை எந்த நாளில் பிடிப்பது என்று ஊருக்குள் நடக்கிற சண்டையில் நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். அவ்வளவு தெரிந்த நான், மச்சான் நிற்கப்போகிற மைதானத்துக்கு எங்கள் பள்ளிவாசல் கலண்டரைப் பார்த்து நாள் குறித்திருக்கிறேன். மக்காவில் இன்றைக்குப் பிறை ஒன்பது. அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதி வைத்தது ஒரு நாள் பிந்திய அரஃபா.

மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் ஆயத்தம், நீங்கள் மனதை அங்கே வைத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு டிஷ்காரருக்கு எடுத்தேன். அவர் அரிப்புக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கூரையில் நின்றார். பார்சல் இன்னும் கொழும்பை விட்டே புறப்படவில்லை, இரவு பஸ்ஸில்தான் ஏறும் என்றார். வேறு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். இருந்தால் நான் ஏன் தங்கச்சி கொழும்புக்குச் சொல்லுறன் என்றார். அதற்கு மேல் யாரைக் கோபிப்பது? கோபிக்க ஆள் இல்லாதபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் மேலும் கீழும் நடந்தேன்.

அப்போதுதான் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. நாளைக்கும் அந்தச் சனல் இன்றைய அரஃபாவைத் திரும்பத் திரும்பக் காட்டும். ராத்தாவுக்கு நாள் மாறினது தெரியாது. ஒன்றும் சொல்லாமல் விட்டால், நாளைக்கு வடி உள்ளது பூட்டி, துலக்கமான படத்துக்கு முன்னால் அவவை இருத்தி, இதுதான் இப்போது நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அவவும் சந்தோசமாகக் கையேந்துவா. யாருக்கு நட்டம்? இதை நான் சும்மா நினைத்துப் பார்க்கவில்லை. மச்சானிடம் என்ன சொல்லச் சொல்வது, எப்படிப் போனை ராத்தாவிடம் கொடுக்காமல் இருப்பது என்பதுவரை கணக்குப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் விட்டார்கள். ஓட்டோவில் ராத்தா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தா. மெஷினால் இறங்குகிற நாளில் அவவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது, கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். எங்கள் ஊர்ப் பாதைக்குத் திரும்பும்போது கண்ணைத் திறக்காமல் கேட்டா, நாளைக்கு எத்தனை மணிக்கு அவர் துவங்குவாராம் என்று. என் வாயில் பொய் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அங்கே ஒரு மனிதன் கூடாரத்துக்குள் மணியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவன் கை ஏந்தும்போது இவ கை மடியில் கிடக்கும்.

"ராத்தா, அது இண்டைக்கு," என்றேன். "நான் எங்கட கலண்டரைப் பாத்திட்டன்."

அவ கண்ணைத் திறந்தா. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டா. மூன்றே முக்கால் என்றேன். படம் வருமா என்று கேட்டா. வரும் என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ராத்தாவின் கட்டிலை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். ரீவியைப் போட்டுச் சத்தத்தைக் கடைசி வரை கூட்டினேன். பலம் நிரம்பி, தரம் பூச்சியம், திரை கறுப்பு. டிஷ்காரர் பிடித்த தகர மூடி நினைவில் வந்தது. அவரால் ஒரு மூடியால் கோட்டை ஒரு நொடி எழுப்ப முடிந்ததென்றால் அதைவிடப் பெரியதைப் பிடித்தால் நிற்கத்தானே வேண்டும். கோழிக்கூட்டின் மேல் கிடந்த கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். சோளகக் காற்று அடிக்கிற காலம். தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கியதுதான் தாமதம், காற்று அதைப் பிடுங்கி வேலிக்கு எறிந்துவிட்டது. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு பானை மூடி, பேசின், தட்டம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டு ஓடினேன். சின்னதெல்லாம் கோட்டைத் துடிக்க வைத்ததோடு சரி. உள்ளே ஓடி ரீவியைப் பார்ப்பதும் வெளியே ஓடிப் பிடிப்பதுமாக மணி இரண்டரை தாண்டிவிட்டது.

அலுமாரிக்கு மேல் சகன் இருந்தது. கல்யாணம், கந்தூரி என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து சோறு சாப்பிடுகிற பெரிய தட்டு. உம்மாவின் காலத்து அலுமினியம், கனமில்லை, விளிம்பு மடித்தது, கைப்பிடிக்கு நல்லது. அதை எடுக்கும்போது கைதவறி நிலத்தில் விழுந்து வளவெல்லாம் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டது. ராத்தா அரைத் தூக்கத்தில் இருந்தா, அசையவில்லை. டிஷ்ஷுக்குப் பின்னால் நாலு சீமெந்துக் கல்லை அடுக்கி, அதில் ஏறி, டிஷ்ஷின் மேல் விளிம்புக்குப் பின்னால் சகனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் டவர், முகம் மேற்கே. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். உள்ளே ஒரு அரபுச் சொல் வெடித்துக்கொண்டு வந்து அறுந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். சத்தம் வந்து நிலைத்தது. அறுபடவில்லை. இமாம் ஒருவர் குத்பா ஓதிக்கொண்டிருந்தார்.

ராத்தாவின் குரல் யன்னலால் வந்தது. வந்திட்டுது, வடிவாத் தெரியுது, நீயும் வா என்றா. வாறன் ராத்தா என்றேன். எங்கே வருவது? கையைக் கீழே விட்டால் படம் போய்விடும். கயிற்றால் ஒரு தடியில் கட்டிப் பார்க்கலாமென்று ஒருமுறை முயன்றேன். காற்று சகனைத் திருப்பிவிட்டது, உள்ளே சத்தம் துண்டு துண்டானது, திரும்பவும் தூக்கிப் பிடித்தேன். அதற்குப் பிறகு கட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். படத்தைக் காண முடியாதபடியால் காதால்தான் பிடித்தேன், சத்தம் கரகரத்தால் வலப்பக்கம், தடுமாறினால் கொஞ்சம் மேலே.

ஐந்து நிமிஷம் கை தூக்கிக்கொண்டு நின்று பாருங்கோ, தெரியும். பத்து நிமிஷத்தில் தோள்மூட்டு எரியத் தொடங்கியது. இருபது நிமிஷத்தில் கை என்னுடையதில்லை. உள்ளங்கையில் சுற்றிய துணி நனைந்து இரத்தம் முழங்கை வரை வழிந்தது. காற்று வரும்போதெல்லாம் கல் ஆடியது. என் பிடிவாதத்தால் பூட்டிய பதின்மூன்றாம் இலக்கம் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். டவரையும் ஏசினேன். வீட்டுக்கு ஒரு வீடியோவை ஒழுங்காகக் கொண்டுவரத் துப்பில்லை, வேறு வீட்டுப் படத்தைக் கெடுக்க மட்டும் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

குத்பா முடிந்தது. அங்கே தொழுகைக்கு இகாமத் சொன்னார்கள், ளுஹரையும் அசரையும் சேர்த்துத் தொழுதார்கள். அல்லாஹு அக்பர் என்று இமாம் சொல்கிற ஒவ்வொரு முறையும் எத்தனை லட்சம் பேர் குனிகிறார்கள் என்று ராத்தா பார்த்துக்கொண்டிருந்தா, நான் டிஷ்ஷின் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸலாம் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது, உள்ளே ரீவியின் சத்தம் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. படம் நிற்கிறதா போய்விட்டதா தெரியவில்லை. சகனை ஒரு மயிரிழையும் அசைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாங்கு முடியும்வரை நின்றேன். அந்த இரண்டு மூன்று நிமிஷம் மாதிரி நீளமான நேரத்தை நான் அதற்கு முன்னும் அனுபவிக்கவில்லை, பின்னும் இல்லை.

பாங்கு முடிந்தது. ரீவியின் சத்தம் இருந்தது. அதற்கு மேலாக ராத்தாவின் குரல். அவ துஆ கேட்கத் தொடங்கிவிட்டா, எப்போதும் போல வாய்விட்டு, பக்கத்தில் இருக்கிற ஒருவரோடு கதைக்கிற மாதிரி. கண்ணைக் கேட்பா, கிட்னியைக் கேட்பா என்று காதைக் கொடுத்தேன்.

"யா அல்லாஹ், என்ட தங்கச்சிட கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடு. அவ மனசில ஒண்டுமில்ல. எனக்காக வெயில்ல நிக்கிறா. அவவை ஒருநாள் இந்த இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டு."

எனக்கு வழமை போலக் கோபம்தான் வந்தது. மச்சான் அங்கே, நான் இங்கே, இவ்வளவு பாடுபட்டுப் படத்தை வரவழைத்தால் இவ யாருக்காகக் கேட்கிறா?

"கண்ணைக் கேளுங்கோ ராத்தா," என்று யன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"அதைக் கேக்கத்தான் ஒராள் அங்க போயிருக்காரே," என்றா. "நீ சகனை ஆட்டாமப் பிடி."

சகன் விழுந்த சத்தத்திலேயே அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருக்கிறது. நான் ஆமீன் சொன்னேன். அழுகையில் கை ஆடிவிடக்கூடாதே என்று பயந்து பயந்துதான் அழ வேண்டியிருந்தது. அவ போதும் என்று சொல்லும்வரை நின்றேன். இறங்கியபோது கையைக் கீழே கொண்டுவர முடியவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே ஏந்தியபடி வளவுக்குள் நின்றேன்.

வடி உள்ள எல்.என்.பி. மறுநாள் காலை சொன்னபடி வந்தது. டிஷ்காரர் கால்மணி நேரத்தில் பூட்டிவிட்டார், கீழ்க் கோடு மேல் கோட்டோடு சமனாக ஏறி நின்றது. அவரிடம் கடையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்ன பேசினீங்கள் எண்டே ஞாபகமில்லைத் தங்கச்சி என்றார், அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை ராத்தா எழும்பி, கரண்ட் இல்லையா என்று கேட்டா. கரண்ட் இருந்தது.

அடுத்த வருஷம் நாளைப் பிழைவிடவில்லை. கலண்டரில் அவர்களுடைய ஒன்பதையும் எங்களுடைய ஒன்பதையும் வேறு வேறாக எழுதி வைத்தேன். அன்றைக்குக் கட்டிலை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மச்சான் ராத்தாவுக்கு வெள்ளை உடுப்பை உடுத்திவிட்டுப் பள்ளிக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். குத்பா தொடங்கியதும் ராத்தா முகத்தை என் பக்கம் திருப்பினா.

"படம் துலக்கமா இருக்கா?"

"ஓம் ராத்தா. நல்லாத் துலக்கமா இருக்கு."

"அப்ப இந்த முறை நீ உள்ளுக்க வந்து இரு," என்றா.

கட்டிலில் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அரஃபாவை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.